வானத்தில் ஹாரன் கிடையாது

போன மாதம் ஈரோட்டிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். என்னோடு பி.காம். படித்தவன். நான் பத்திரிகைக்கு வந்து கெட்டுப்போனேன். அவன் ஜவுளி வியாபாரத்துக்குப் போய் சௌக்கியமாக இருக்கிறான்.

"மாப்ளே, பையன் பைலட் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஃபாரின்ல ரெண்டு ஸ்கூல், நம்ம நாட்டுல ரெண்டு ஸ்கூல் பார்த்து வெச்சிருக்கோம். நீ பேப்பர்காரன்தானே, எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லு" என்றான்.

அவன் ஏற்கெனவே நிறைய விசாரித்து வைத்திருந்தான். நூலை இழுத்துப் பார்க்காமல் சரக்கு எடுக்காதவன். நாலு பள்ளிக்கும் ஃபீஸ் எவ்வளவு, எத்தனை தவணை, ஹாஸ்டலில் சைவச் சாப்பாடு உண்டா, படிப்பு முடிந்தால் எந்தக் கம்பெனியில் எடுக்கிறார்கள்... எல்லாம் நோட்டுப் போட்டு எழுதியிருந்தான். கிட்டத்தட்ட அரைக் கோடி ரூபாய் முதலீடு ஆயிற்றே.

"எல்லாம் சரிடா, பையன் ஓட்டுற விமானமும் இன்னொருத்தன் ஓட்டுற விமானமும் மோதிக்காம இருக்க அந்த ஸ்கூல்ல என்ன ஏற்பாடு வெச்சிருக்காங்கன்னு கேட்டியா?" என்றேன்.

சிரித்தான். "அவ்ளோ பெரிய வானத்துல போய் எவன்டா மோதுவான்!"

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. என் நண்பன் மட்டும் இப்படி நினைத்தால் பரவாயில்லை. பயிற்சிப் பள்ளிகளும், விதி போடும் அரசாங்கங்களும்கூடப் பல நாடுகளில் ஏறக்குறைய இதே நம்பிக்கையில்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

வானம் பெரியதுதான். ஸ்ரீரங்கம்கூடப் பெரிய ஊர்தான். ஆனால் வைகுண்ட ஏகாதசி அன்று ஊரே சொர்க்கவாசல் வழியாகத்தானே போயாக வேண்டும்? விமானத்துக்கு அந்த வாசல், ஓடுபாதை. ஆகாயத்தில் எங்கே திரிந்தாலும் கடைசியில் எல்லோரும் அந்த ஒரே பட்டைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

அதிலும் பயிற்சி விமானம் எங்கேயும் போவதில்லை. மேலே ஏறும். வழக்கமாக இடது பக்கம் திரும்பும். தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த் திசையில் போகும். மறுபடி இரண்டு திருப்பம். இறங்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் ஏறும். செக்கு மாடு மாதிரி இதே செவ்வகத்தை ஒரு மாணவன் ஒரு மணி நேரத்தில் பல முறை சுற்றுவான். அவனுக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். பள்ளி பெரிதானால் இன்னும் இரண்டு பேர். நடுவில் வெளியூரிலிருந்து வேகமாக வந்து நுழைகிற ஒரு பெரிய மனிதர். பல சின்ன விமான நிலையங்களில் கண்ட்ரோல் டவர் கிடையாது. 'நான் இங்கே இருக்கிறேன், இப்படித் திரும்புகிறேன்' என்று ரேடியோவில் ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். மிச்சத்துக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

2025 ஜூலை 8. கனடாவில் மானிடோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்ற சிறிய ஊர். காலை வேளை. ஒரே பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த இரண்டு செஸ்னா விமானங்கள். இரண்டிலும் ஒவ்வொருவர் மட்டும். ஒருவர் கேரளத்திலிருந்து போன 23 வயதுப் பையன். இன்னொருவர் 20 வயதுக் கனடியப் பெண். ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்து, ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் மோதியதாகப் பள்ளியின் தலைவர் அப்போது நிருபர்களிடம் சொன்னார். இருவரும் போய்விட்டார்கள். இரண்டு விமானத்திலும் ரேடியோ இருந்தது.

நம் பத்திரிகைகளில் அது 'கனடாவில் இந்திய மாணவர் பலி' என்று இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் நாம் வேறு செய்திக்குப் போய்விட்டோம். நானும்தான்.

இன்னொன்று. 2022 ஆகஸ்ட் 18. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில். டவர் இல்லாத விமான நிலையம். ஒருவர் செஸ்னா 152 என்ற குட்டி விமானத்தில் வட்டமடித்து இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, வட்டத்தில் சேராமல் நேராக இறங்க வந்தது. வேகம் சுமார் 180 நாட். மணிக்கு 330 கிலோமீட்டர். குட்டி விமானம் அதில் பாதி வேகம்கூட இல்லை. இத்தனைக்கும் இருவரும் ரேடியோவில் பேசினார்கள். பெரிய விமானம் வருவதைச் சின்ன விமானத்துக்காரர் பார்த்தும் விட்டார். 'நீங்கள் ரொம்ப வேகமாக வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலே போய்விடுகிறேன்' என்று சொல்லி ஒதுங்கவும் பார்த்தார். சில விநாடிகளில் மோதல். இரண்டு விமானங்களிலுமாக மூன்று பேர் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. காரணம் என்ன என்றால், நேராக இறங்க வந்தவர் சின்ன விமானத்தைப் பார்த்து விலகத் தவறிவிட்டார்.

'பார்த்து விலகு.' சிறு விமானங்களின் உலகத்தில் இதுதான் வேதம். உலகம் முழுக்க விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மோதல் நடந்தால் 'பார்க்கத் தவறினார்' என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். இறந்தவர் வந்து மறுப்பு எழுதப் போவதில்லை.

நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. பார்க்க முடியுமா?

முடியாது என்று நான் சொல்லவில்லை சாமி, நான் வெறும் பி.காம். ஆஸ்திரேலிய விமான விபத்து விசாரணை அமைப்பு 1991-லேயே ஓர் ஆய்வறிக்கை போட்டது. அதன் பொருளே 'பார்த்து விலகு' என்ற கொள்கையின் குறைபாடுகள்தான். அதிலும் மற்ற விமானப் பாதுகாப்புப் பாடங்களிலும் சொல்வதை நம் பாஷையில் சொல்கிறேன்.

நீங்கள் கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா? பவுண்டரியில் நிற்கும்போது பந்து உயரமாக வருகிறது. இடமாகவோ வலமாகவோ நகர்ந்தால் அது உங்களுக்கு இல்லை. நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரித் தெரிந்தால், நேரே உங்கள் கைக்கு வருகிறது என்று அர்த்தம். விமானமும் அப்படியே. நேராகப் போய்க்கொண்டிருக்கும் உங்களை மோத வரும் விமானம், கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்கும். நம் கண்ணோ அசைகிறதைக் கவனிக்கவே பழக்கப்பட்டது. கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரி இருந்த புள்ளி, கடைசிச் சில விநாடிகளில்தான் பூதமாக வளர்கிறது.

அப்புறம், கண்ணில் கூர்மையான பார்வை என்பது நடுவில் இரண்டு டிகிரி அகலத்துக்குத்தான். மற்றதெல்லாம் மங்கல். வானம் முழுவதையும் அந்த இரண்டு டிகிரியால் துழாவ வேண்டும். வெறும் நீல வானத்தைப் பார்த்தால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல், அருகிலேயே எங்கோ ஃபோகஸ் ஆகி நின்றுவிடுகிறது. பைலட் தூரத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

அதற்கும் மேலே இறக்கை. செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேலே. மேலே இருப்பது தெரியாது. எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து, போகப்போகிற திசையையே மறைக்கும். பைப்பர் செரோக்கி போன்றவற்றுக்கு இறக்கை கீழே. கீழே இருப்பது தெரியாது. மேலே ஒரு பைப்பர், அடியில் ஒரு செஸ்னா, இரண்டும் ஒரே ஓடுபாதைக்கு இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கழுகுக் கண் இருந்தாலும் ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை.

கணக்குக்கு வருகிறேன், அது என் ஏரியா. இன்னொரு விமானத்தைப் பார்த்து, அது விமானம் என்று உணர்ந்து, மோத வருகிறது என்று புரிந்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுத்து, கை அசைத்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் பைலட்டுகளுக்குத் தரும் அறிவுரைக் குறிப்பு. இரண்டு செஸ்னாக்கள் ஆளுக்கு 100 நாட் வேகத்தில் எதிரெதிரே வந்தால், இடைவெளி விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல் குறைகிறது. 12.5 விநாடி வேண்டுமென்றால் சுமார் 1,300 மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். அவ்வளவு தூரத்தில் 11 மீட்டர் இறக்கை எப்படித் தெரியும்? பௌர்ணமி நிலாவின் குறுக்களவுக்கு ஒரு கோடு. நீளம்தான் நிலா அளவு, பருமன் நூல் அளவு. கீழே வீடு, மரம், வயல் பின்னணியில் அந்த நூலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் யார்? பத்து இருபது மணி நேரம் மட்டும் பறந்த, உள்ளங்கை வியர்த்துப் போன, வேகமானியையும் உயரமானியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை.

இதிலும் பின்னாலிருந்து வருபவனைப் பார்க்க முதுகில் கண் வேண்டும். ரியர்வியூ மிரரும் கிடையாது, ஹாரனும் கிடையாது.

அனுபவசாலிகளுக்கு மட்டும் இது முடிகிறதா? 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று, இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்டோடு மோதி 67 பேர் இறந்தார்கள். விமானம் கண்ணில் தெரிகிறது, நாங்களே பார்த்து ஒதுங்கிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டர்காரர்கள் சொல்லி, டவரும் சரி என்றிருந்தது. பயிற்சி பெற்ற ராணுவ பைலட்டுகளின் கதி இது.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிற பகுதி.

1978 செப்டம்பர் 25-ல் சான் டியாகோவில் பயணிகள் போயிங் ஒன்று, பயிற்சியில் இருந்த செஸ்னாவோடு மோதியது. 144 பேர் செத்தார்கள். 1986-ல் செரிடோஸில் இதே மாதிரி ஒரு ஜெட்டும் ஒரு பைப்பரும் மோதின. 82 பேர். உடனே அமெரிக்க நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு சட்டம் போட்டது. பெரிய விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்த பிறகு, நம் டி.ஜி.சி.ஏ.வும் பயணிகள் விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பாராட்ட வேண்டிய விஷயம். அதனால்தான் நீங்களும் நானும் இன்று கோவைக்கும் டெல்லிக்கும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போகிறோம்.

அதாவது, இருபது வருட அனுபவமுள்ள கேப்டனின் கண்ணை நம்ப முடியாது என்று முடிவாகி, அவருக்கு மெஷின் கொடுத்தாயிற்று. நேற்றைக்கு வந்த மாணவனுக்கு மட்டும் 'கண்ணைத் திறந்து பார்த்து ஓட்டுடா கண்ணு.' டிக்கெட் வாங்கியவன் உயிருக்கு மெஷின். அரைக் கோடி ஃபீஸ் கட்டியவன் உயிருக்கு அட்வைஸ். இது என்ன நியாயம்?

'பெரிய விமானக் கருவியைச் சின்ன விமானத்தில் வைக்க முடியாது சார்' என்பார்கள். அந்தக் காலத்தில் சரி. இப்போது ஏ.டி.எஸ்-பி என்று ஒன்று இருக்கிறது. விமானம் தான் எங்கே இருக்கிறேன் என்று விநாடிக்கு விநாடி ஒலிபரப்பும். இது ஒரு பாதி. அடுத்தவர் ஒலிபரப்புவதை வாங்கித் திரையில் காட்டி, காதில் எச்சரிப்பது இன்னொரு பாதி. அமெரிக்கா 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் முதல் பாதியைக் கட்டாயமாக்கியது. இரண்டாம் பாதியை அந்த விதியில் விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் கத்த வேண்டும், ஆனால் யாரும் காது வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை! பல சின்ன விமான நிலையங்கள் அந்த வான்வெளிக்கே வெளியில்.

விலை? புது செஸ்னா 172 நான்கு லட்சம் டாலருக்கு மேல். கையில் எடுத்துப் போகிற ரிசீவர் சில நூறு டாலர். ஒலிபரப்பும் கருவி சில ஆயிரம் டாலர். இரண்டையும் சேர்த்தால் விமான விலையில் ஒன்றிரண்டு சதவீதம். அதை மாணவர்களின் ஃபீஸில் பிரித்துப் போட்டால் வரும் தொகை, பள்ளி விளம்பரத்துக்கு அச்சடிக்கிற வழவழ காகிதச் செலவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பிரிட்டனில் 2020-ல் அரசாங்கமே முன்வந்து, இப்படிக் கருவி வாங்குகிற சிறு விமானக்காரர்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 250 பவுண்டு, திருப்பித் தந்தது. ஐரோப்பாவில் எஞ்சினே இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர்கள் 2004-லேயே ஃப்ளார்ம் என்று தங்களுக்கென ஒரு கருவி செய்து மாட்டிக்கொண்டார்கள். மனது இருந்தால் நடக்கிறது.

எதிர்ப்பேச்சு ஒன்றுக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். 'திரையைக் கொடுத்தால் பையன் வெளியே பார்க்காமல் திரையையே பார்ப்பான்' என்கிறார்கள் பழைய ஆசிரியர்கள். உண்மைதான். செல்போன் தலைமுறை அப்படித்தான். அதற்காகத்தான் காதில் சொல்கிற எச்சரிக்கை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கும், சும்மா துழாவுகிற கண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் உண்டு. நான் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. கண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்கிறேன்.

கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். டவர் இருந்தும் மோதியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் வடக்கு லாஸ் வேகாஸில் டவர் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். ஒருவர் தனக்குச் சொன்ன பாதையை விட்டு அடுத்ததற்கு நேராக வந்து, பயிற்சியில் இருந்த விமானத்தோடு மோதினார். நான்கு பேர் போனார்கள். ஆகவே ஒழுங்கும் வேண்டும். வட்டத்தில் நாலு பேர் சுற்றும்போது நேராகப் பாய்ந்து வருகிற பெரிய மனிதர், மெயின் ரோட்டில் வருகிறேன் என்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிற நம்மூர் ஆளுக்கு அண்ணன். விதி அவருக்கு இடம் கொடுத்தாலும், வட்டத்தில் இருப்பவர்களின் ஓட்டத்தைக் குலைக்காமல் வர வேண்டியது அவர் பொறுப்பு.

நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று. ரேடியோவில் பேசக் கூச்சம். ப்ளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், 'என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பாங்களோ' என்று மைக்கை அழுத்தத் தயங்குவான். அடுத்தவன் சொன்னது புரியாவிட்டால் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்க வெட்கப்படுவான். வகுப்பில் வெட்கப்பட்டால் மார்க் போகும். இங்கே உயிர் போகும். புரியவில்லை என்றால் கேள். யார் எங்கே என்று தெரியவில்லை என்றால் இறங்காதே, மேலே ஏறி ஒதுங்கு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

'கனடா, அமெரிக்கா கதையெல்லாம் நமக்கெதற்கு?' என்று கேட்காதீர்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் வாங்குவதாக அறிவித்தன. அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். அதற்கு முந்தைய வருடமே, புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஊர்களில் கடப்பா, ஹூப்ளியோடு நம் சேலமும் ஒன்று. சேலத்துக்குப் பயணிகள் விமானமும் 2023-ல் திரும்ப வந்துவிட்டது. நல்ல விஷயம், ஓமலூர்ப் பையன் ஓமலூரிலேயே பைலட் ஆகலாம். ஆனால் கமர்ஷியல் லைசென்ஸுக்கு ஒவ்வொரு மாணவனும் 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். மாணவர்கள் இரண்டு மடங்கானால், அதே ஓடுபாதைக்கு மேலே அதே செவ்வகத்தில் சுற்றுகிற விமானங்களும் கூடும். வானம் கூடாது. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு விழித்த மாதிரி, ஒரு மோதலுக்குப் பிறகுதான் விழிப்போமா? பயிற்சி விமானம் ஒவ்வொன்றிலும் சொல்லும் கருவி, கேட்கும் கருவி இரண்டும் கட்டாயம் என்று இன்றைக்கே ஓர் உத்தரவு போட டி.ஜி.சி.ஏ.வுக்கு என்ன தடை?

அது நடக்கும்வரை பெற்றோர்களாகிய உங்கள் கையில் ஒரு சாட்டை இருக்கிறது. செக் புக். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பள்ளிக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்.

உங்கள் எல்லா விமானங்களிலும் அடுத்த விமானத்தைக் காட்டும் கருவி உண்டா, சிலவற்றில் மட்டுமா? ஒரே நேரத்தில் வட்டத்தில் அதிகபட்சம் எத்தனை விமானங்கள் என்று எழுதி வைத்த விதி உண்டா? டவர் இல்லாத நேரத்தில் மாணவர்களைத் தனியாக விடுகிறீர்களா, விட்டால் தரையிலிருந்து ரேடியோவில் கவனிக்கிற ஆசிரியர் யார்? நேராக இறங்க வருகிற வெளியூர் விமானம் குறுக்கிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறீர்களா? மயிரிழையில் தப்பித்த சம்பவத்தை மாணவன் வந்து சொன்னால், தட்டிக்கொடுப்பீர்களா, ஃபைன் போடுவீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். தப்பித்ததைப் பேசவிடாத இடத்தில், அடுத்தவன் தப்பிக்க மாட்டான்.

என் நண்பன் இவற்றை நாலு பள்ளிக்கும் கேட்டான். இரண்டு பள்ளிகள் பதிலே அனுப்பவில்லை. ஒரு பள்ளியில், "எங்க பசங்க எல்லாம் நல்லாப் பார்த்து ஓட்டுவாங்க சார், கவலையே படாதீங்க" என்றார்களாம். நாலாவது பள்ளி ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் அனுப்பியிருக்கிறது. அதில் இரண்டுக்கு 'இன்னும் இல்லை, இந்த வருடம் செய்யப் போகிறோம்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபீஸ் அங்கே இரண்டரை லட்சம் கூடுதல். ஹாஸ்டலில் சைவச் சாப்பாடும் சுமார்தானாம். நண்பன் அங்கேதான் பணம் கட்டியிருக்கிறான்.